போட்ட கணக்கு வருகிறது, புதுக் கணக்கு வரவில்லையா? எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் முறை

பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை (ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட ஒரே அளவு கூடும் அல்லது குறையும் எண் வரிசை) நடத்தி முடித்து ஸ்லிப் டெஸ்ட் வைத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்த கணக்கைப் பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள். அதே கணக்கைக் கதை மாற்றிக் கொடுத்தால் பலர் "இது நடத்தவே இல்லையே" என்பார்கள். அவர்களுக்குச் சூத்திரம் தெரியும், கூட்டல் பெருக்கலும் தெரியும். புதுக் கணக்கு பழைய எடுத்துக்காட்டோடு எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்று பார்க்க மட்டும் பழகவில்லை.

அந்தப் பழக்கம் புத்திசாலிப் பிள்ளைக்குத் தானாக வரும், மற்றவருக்கு வராது என்று விட்டுவிடுவது பெரிய அநியாயம். எந்த எடுத்துக்காட்டை எதன் பக்கத்தில் வைக்கிறோம், எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதைக் கொண்டு அதைப் பெருமளவு பழக்கிவிட முடியும். ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் எல்லோருக்குமான முறை இது. பாடம் மாறினாலும் முறை மாறாது என்பதால் கூட்டுத் தொடர்வரிசையை மட்டுமே வைத்துக் கடைசிவரை சொல்கிறேன்.

கதையும் அமைப்பும்

ஒவ்வொரு வாக்கியக் கணக்கிலும் இரண்டு இருக்கின்றன. ஒன்று கதை: கலையரங்கு, இருக்கை, சேமிப்பு, சம்பளம். இன்னொன்று அமைப்பு: எது முதல் உறுப்பு, எவ்வளவு கூடுகிறது, எத்தனை உறுப்பு, எதைக் கேட்கிறார்கள். விடை வருவது அமைப்பால்தான். ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு முதலில் ஞாபகம் வருவது கதை.

1981இல் உளவியல் ஆய்வாளர் மிச்செலீன் சீயும் அவருடைய சகாக்களும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு கட்டு, சுருள்வில் கணக்குகளை ஒரு கட்டு என்று கண்ணுக்குத் தெரிந்த பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று தீர்க்கும் கொள்கையை வைத்துப் பிரித்தார்கள். அதே பத்தாண்டில் பிரையன் ராஸ் நிகழ்தகவுக் கணக்குகளை வைத்துச் செய்த சோதனைகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. புதுக் கணக்கின் கதை சரியான எடுத்துக்காட்டின் கதையை ஒத்திருந்தால் மாணவர் தேறினார். வேறு கொள்கைக்கான எடுத்துக்காட்டின் கதையை ஒத்திருந்தால் தடுமாறினார். கதை ஒன்றாக இருந்து, அதிலுள்ள பொருள்கள் மட்டும் இடம் மாறியிருந்தாலும், பழைய எடுத்துக்காட்டில் எந்தப் பொருளின் எண்ணை எங்கே போட்டாரோ அங்கேயே கொண்டுபோய்ப் போட்டார்.

ஆக, கதை ஒற்றுமை எந்த எடுத்துக்காட்டு ஞாபகம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. அமைப்பு ஒற்றுமை அந்த எடுத்துக்காட்டு உதவுமா என்பதைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டுத் தொகுப்பில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே பிரித்துவிட வேண்டும்.

முதல் வேலை: நான்கு கட்டங்கள்

எந்தக் கணக்கையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நான்கு கட்டத்தில் எழுதிப் பாருங்கள்: முதல் உறுப்பு, பொது வித்தியாசம், உறுப்புகளின் எண்ணிக்கை, கேட்பது. நீங்கள் வைத்திருக்கும் ஐந்து எடுத்துக்காட்டுகளிலும் நான்காவது கட்டத்தில் 'கூடுதல்' (எல்லா உறுப்புகளையும் கூட்டிய தொகை) என்றே வந்தால், கதை ஐந்தாக இருந்தாலும் எடுத்துக்காட்டு ஒன்றுதான். ஐந்தும் இருக்கைக் கணக்காகவே இருந்தால் அது வேறொரு கோளாறு: 'இருக்கை என்றால் கூட்டுத் தொடர்' என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

தொகுப்பு

கீழே எட்டு கணக்குகள். இந்த அளவு ஒரு பாடத்துக்குப் போதும்.

முதல் கணக்கு: ஒரு கலையரங்கில் முதல் வரிசையில் 18 இருக்கைகள். அடுத்தடுத்த வரிசையில் 3 கூடுதல். 12 வரிசைகள். மொத்த இருக்கைகள்? கடைசி வரிசை 18 + 11 × 3 = 51. கூடுதல் (12 ÷ 2) × (18 + 51) = 414.

இரண்டாவது, அமைப்பு அதே, கதை வேறு: முதல் மாதம் ரூ.500, பிறகு ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட ரூ.50 கூடுதலாகச் சேமிக்கிறார். 12 மாதத்தில் எவ்வளவு? கடைசி மாதம் ரூ.1,050; கூடுதல் 6 × 1,550 = ரூ.9,300.

மூன்றாவது, கதை அதே, கேள்வி வேறு: அதே கலையரங்கில் கடைசி வரிசையில் எத்தனை இருக்கை? 51.

நான்காவதும் அதே கலையரங்கு: மொத்தம் 414 இருக்கைகள் இருந்தால் மொத்தம் எத்தனை வரிசைகள்? இருபடிச் சமன்பாடு வரும். தீர்வுகள் 12, –23. வரிசை குறை எண்ணாக இருக்காது என்பதால் 12. கேள்வியில் 'மொத்தம்' என்ற சொல்லை வேண்டுமென்றே இரண்டு தடவை வைத்திருக்கிறோம். 'மொத்தம் என்று வந்தால் கூடுதல் சூத்திரம் போட்டு விடையை எழுது' என்று சொல்லிக்கொடுத்திருந்தால், அது இங்கே முட்டி நிற்கும். சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்வது அந்த வாரத் தேர்வில் மதிப்பெண் தரும். கேள்வி கொஞ்சம் திரும்பினால் கைவிடும்.

ஐந்தாவது, பொருள்கள் இடம் மாறியது: கடைசி வரிசையில் 51 இருக்கைகள், மேடையை நோக்கி வர வர 3 குறைகிறது, 12 வரிசைகள். மொத்தம்? முதல் உறுப்பு 51, வித்தியாசம் –3 என்று வைத்தாலும் 414தான். 'முதல் வரிசை' என்பதும் 'முதல் உறுப்பு' என்பதும் ஒன்றல்ல என்று புரியவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆறாவது, கதை ஒன்றாகத் தோன்றும், அமைப்பே வேறு: முதல் மாதம் ரூ.500, பிறகு ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட 10% கூடுதல். இரண்டாம் மாதம் இதிலும் ரூ.550தான்! மூன்றாம் மாதம்தான் பிரிகிறது: அங்கே ரூ.600, இங்கே ரூ.605. இது பெருக்குத் தொடர்: ஒவ்வொரு உறுப்பும் முந்தையதை ஒரே எண்ணால் பெருக்கி வருவது. 12 மாதக் கூடுதல் ஏறத்தாழ ரூ.10,692. வகுப்பில் கூடுதல்வரை போக வேண்டாம். மூன்று மாதம் எழுதி, வித்தியாசம் மாறுவதைக் காட்டினால் போதும்.

ஏழாவது, கதை தூரத்தில்: மார்கழிக் கோலம். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை. மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8இல் முடியும். கேள்வியில் 'ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைகிறது' என்ற வரியே கிடையாது; அமைப்பைப் பிள்ளைதான் வெளியே எடுக்க வேண்டும்.

இங்கே வரும் தவறுகளைக் கூர்ந்து பாருங்கள். மொத்தம் 15 வரிசை என்று சரியாக எண்ணிவிட்டு, முதல் உறுப்பு 8, வித்தியாசம் 1 என்று போட்டு 225 என்பார் ஒருவர். கூடிக்கொண்டே போனால் கடைசி வரிசையில் 22 புள்ளி வந்திருக்கும்; கோலத்தில் அப்படியொரு வரிசை இல்லை. இன்னொருவர் 8 முதல் 15 வரை 92 என்று கண்டு, இரண்டால் பெருக்கி 184 என்பார். நடுவரிசையை இரு தடவை எண்ணிவிட்டார். சரியான விடை 184 – 15 = 169. முதலாமவர் கலையரங்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பொருத்துகிறார். இரண்டாமவருக்கு அமைப்பு புரிந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் சறுக்கியிருக்கிறார். விடைத்தாளில் இரண்டுக்கும் தவறு என்று ஒரே குறி போட்டால் இந்த வேறுபாடு நமக்குத் தெரியாமலே போய்விடும்.

எட்டாவது: 2015இல் சம்பளம் ரூ.20,000. ஆண்டுக்கு ரூ.1,000 உயர்வு. 2025இல் எவ்வளவு? ரூ.30,000. 'பத்து வருஷம்' என்று எண்ணிக்கைக் கட்டத்தில் 10 போட்டால் ரூ.29,000 வரும். 2015, 2025 இரண்டையும் சேர்த்து எண்ணினால் 11 ஆண்டுகள்.

அடுக்கும் வரிசை

தொடக்கத்திலேயே கோலத்தையும் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். ஒரு முறையே பிடிபடாதபோது இன்னொரு கதையைப் புரிந்துகொள்ளவும் மூளையில் இடம் வேண்டும், இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே முதல் இரண்டு கணக்குகள் முழுத் தீர்வோடு இருக்கட்டும். அதன்பின் ஒரு கணக்கில் கடைசிப் படியை மட்டும் காலியாக விடுங்கள், அடுத்ததில் கடைசி இரண்டு படிகள், அதற்கடுத்து நான்கு கட்டங்களை மட்டும் நிரப்பிக் கொடுத்து மீதியை அவர்களே போடட்டும். பின்னாலிருந்து குறைத்துக்கொண்டு வந்தால், தொடங்கத் தெரியாமல் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

தீர்த்த எடுத்துக்காட்டுகளைப் படிப்பதால் வேகம் கூடும் என்பதை 1985இல் ஸ்வெல்லரும் கூப்பரும் இயற்கணிதத்தில் காட்டினார்கள். அதே ஆய்வில், அந்த நன்மை எடுத்துக்காட்டின் அமைப்பையே கொண்ட கணக்குகளோடு நின்றுவிட்டதும் தெரிந்தது. முழுத் தீர்வு தொடங்கிவைக்கும். அதோடு நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே பிடிபட்டுவிட்ட பிள்ளைக்கு மறுபடி முழுத் தீர்வைப் படிக்கக் கொடுப்பதும் வீண். அவரை நேரே ஆறாவது கணக்குக்கு அனுப்புங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இதுதான், பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். கலையரங்குக் கணக்கைத் திங்களன்று போட்டு அழித்துவிட்டு, சேமிப்பைச் செவ்வாயன்று போட்டால் பிள்ளை இரண்டு தனிக் கணக்குகளைத்தான் கற்றிருக்கும். கரும்பலகையை நடுவில் கோடு போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் வையுங்கள். நோட்டிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரட்டும். 18 இருக்கைக்கு நேராக ரூ.500, 3 இருக்கைக்கு நேராக ரூ.50, வரிசைக்கு நேராக மாதம் என்று கோடு இழுத்து இணைக்கச் சொல்லுங்கள்.

பிறகு இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இரண்டிலும் எது ஒன்று? எது மாறினாலும் விடை காணும் முறை மாறாது? 'இரண்டிலும் ஒரே அளவு கூடிக்கொண்டே போகிறது, எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள்' என்று வந்தால் பிடித்துக்கொண்டார். 'இரண்டிலும் 12 இருக்கிறது' என்று வந்தால் இல்லை. நீங்களே சொல்லி எழுதவைத்தால் பயன் பாதிதான். முதலில் அவர் எழுதட்டும், பிறகு திருத்துங்கள்.

இதற்கு வலுவான ஆதாரம் மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் செய்த ஆய்வுகள். ஒரு நோயாளியின் வயிற்றில் கட்டி; அதை அழிக்கும் அளவுக்கு வலுவான கதிர், வழியிலுள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும்; என்ன செய்வது? வெறுமனே கேட்டபோது சுமார் 10% பேர் வழி சொன்னார்கள்: மெலிந்த கதிர்களைப் பல திசையிலிருந்து ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும். ஒரு தளபதி படையைப் பிரித்துப் பல சாலைகள் வழியாக அனுப்பிக் கோட்டையைப் பிடித்த கதையை முன்னால் படித்திருந்தும், அதைப் பயன்படுத்தச் சொல்லாதபோது சுமார் 30% பேர்தான் சொன்னார்கள். 'அந்தக் கதையை நினைத்துப் பார்' என்றதும் அது 75% அளவுக்கு ஏறியது. 1983இல் செய்த தொடர் ஆய்வில், ஒரு கதைக்குப் பதில் இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னபோது, குறிப்பு இல்லாமலே கண்டுபிடித்தவர்கள் கூடினார்கள்.

குறிப்புகளை எடுத்துவிடுங்கள்

'நேற்று போட்ட மாதிரிதான், போடுங்க' என்று சொன்ன கணத்தில், மேலே சொன்ன 30ஐ 75 ஆக்கும் குறிப்பை நாமே கொடுத்துவிட்டோம். தேர்வறையில் அதைச் சொல்ல ஆள் கிடையாது. பாடத் தலைப்பும் ஒரு குறிப்புதான்: 'கூட்டுத் தொடர்வரிசை' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பயிற்சியில் எந்த முறை என்று யாரும் யோசிக்கவே தேவையில்லை. புக் பேக் கணக்குகளை எல்லாம் போட்டு முடித்த பிள்ளை பாடநூலில் இல்லாத கிரியேட்டிவ் கேள்வியில் திகைத்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இது.

தலைப்பு இல்லாத தாளில், கூட்டுத் தொடர், பெருக்குத் தொடர், சாதாரண விகிதம், இருபடிச் சமன்பாடு எல்லாவற்றையும் கலந்து கொடுங்கள். ஒரே வகையில் இரண்டு அடுத்தடுத்து வரக் கூடாது.

கலந்து கொடுத்தால் முதல் வாரம் மதிப்பெண் விழும். பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள். பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2007இல் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குத் திண்மங்களின் கனஅளவைச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89%, கலந்து போட்டவர்கள் 60%. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவாரியாகப் போட்டவர்கள் 20%, கலந்து போட்டவர்கள் 63%. கலந்து போட்டவர்கள் ஒவ்வொரு தடவையும் எந்த முறை என்று தேர்ந்தெடுத்துப் பழகியிருந்தார்கள்.

அட்டை பிரித்தல்

மூன்று ஏ4 தாள்களை நான்கு நான்காக வெட்டினால் 12 அட்டைகள். மூன்று கதைகள் (கலையரங்கு, சேமிப்பு, செங்கல் அடுக்கு), ஒவ்வொன்றுக்கும் நான்கு அமைப்புகள்: கடைசி உறுப்பு, கூடுதல், எண்ணிக்கை, பெருக்குத் தொடர். குலுக்கிக் கொடுத்து, கணக்கைப் போடாமல் 'ஒரே மாதிரிக் கணக்குகளை ஒரே கட்டாக வை' என்று மட்டும் சொல்லுங்கள். கதைவாரியாக மூன்று கட்டு வந்தால் இன்னும் ஒப்பிடும் வேலை பாக்கி. நான்கு கட்டு வந்தால், ஒவ்வொரு கட்டுக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். பத்துக் கணக்குப் போடவைத்துத் தெரிந்துகொள்வதைவிட இது தெளிவாகக் காட்டும்.

பாடம் தாண்டியும் ஒரு அட்டை சேர்க்கலாம். உயரத்திலிருந்து விடப்பட்ட கல், காற்றின் தடையை விட்டுவிட்டால், முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதன்பின் ஒவ்வொரு விநாடியிலும் முந்தைய விநாடியைவிட 9.8 மீட்டர் கூடுதலாக விழுகிறது. 5 விநாடியில் எவ்வளவு? கூட்டுத் தொடரில் போட்டால் 122.5 மீட்டர். இயற்பியல் சூத்திரத்தில் போட்டாலும் அதேதான். பஸோக், ஹோலியோக் இருவரும் 1989இல் இந்த இரண்டு பாடங்களையே எடுத்து ஆராய்ந்தார்கள். கூட்டுத் தொடரைக் கணிதமாகக் கற்றவர்கள் சீரான முடுக்கக் கணக்குகளில் அதை எளிதில் அடையாளம் கண்டார்கள். இயற்பியலாகக் கற்றவர்களுக்குத் திரும்பி வருவது கடினமாக இருந்தது. வேகம், விநாடி என்ற பொருள்களோடு அந்த முறை ஒட்டிக்கொண்டிருந்தது. பல கதைகளில் பழகும் பாடத்தை முதலில் நடத்துவது நல்லது.

சோதித்துப் பார்ப்பது

ஒன்பது கேள்விகள் வையுங்கள். மூன்று எண் மட்டும் மாறியவை, மூன்று கதை மாறி அமைப்பு மாறாதவை, மூன்று கதை மாறாமல் அமைப்பு மாறியவை. நான்கு கட்டங்களை மட்டும் நிரப்பினால் போதும், விடை வேண்டாம் என்று சொன்னால் 20 நிமிடத்தில் முடியும்.

முதல் மூன்றே தவறென்றால் எடுத்துக்காட்டே புரியவில்லை. முழுத் தீர்வுக்குத் திரும்புங்கள். நடு மூன்று தவறென்றால் பழைய கணக்கு ஞாபகம் வரவில்லை. கடைசி மூன்று தவறென்றால் கதையைப் பார்த்து ஏமாறுகிறார். மூன்றாவது, நான்காவது, ஆறாவது கணக்குகளைப் போன்ற ஜோடிகள் இன்னும் வேண்டும்.

நடு மூன்றில் தவறியவர்களிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, வேறு நிறப் பேனாவால் மறுபடி எழுதச் சொல்லி, 'கலையரங்குக் கணக்கைப் பார்' என்று மட்டும் சொல்லுங்கள். உடனே வந்துவிட்டால் புரிதலில் குறையில்லை. கலந்த பயிற்சியையும் அட்டை பிரித்தலையும் கூட்டுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் எதற்கு நேராக எது என்று பொருத்தத் தெரியவில்லை. கோடு இழுத்து இணைக்கும் வேலைக்கு அவரை உட்காரவையுங்கள். கட்டங்கள் சரியாக இருந்தும் பரீட்சையில் விடை தவறினால் அது கைக்கணக்குப் பிழை; அதற்கு இந்த முறை மருந்தல்ல.

அடுத்த பாடங்களுக்கு ஜோடிகள் தேடும்போது இவற்றிலிருந்து தொடங்கலாம். அளவியலில் கூம்பு வடிவக் கூடாரத்துக்கு வேண்டிய துணி, அதே கூடாரத்துக்குள் இருக்கும் காற்று: கதை ஒன்று, கேட்பது வளைபரப்பும் கனஅளவும். கோளத்தை உருக்கி உருளையாக வார்ப்பது, அரைக்கோளக் கிண்ணத்து நீரை உருளைப் பாத்திரத்தில் ஊற்றுவது: கதை இரண்டு, அமைப்பு ஒன்று. முக்கோணவியலில் தரையிலிருந்து கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பது, விளக்கின் உச்சியிலிருந்து படகைப் பார்ப்பது: முக்கோணம் ஒன்றே, கோணத்தைக் குறிக்கும் இடம்தான் தவறிப்போகும். நிகழ்தகவில் பந்தைத் திரும்ப வைத்து எடுப்பது, வைக்காமல் எடுப்பது: கேள்வியில் மாறுவது ஒரே ஒரு சொல், இரண்டாவது தடவை எடுக்கும்போது பின்னத்தின் பகுதியில் (கீழே) வரும் எண் மாறிவிடும்.